பெயருக்கு முன்னால் ஒரு ஊர்

இந்தப் பொன்னாடையை முதலில் யோசித்துப் பிடித்த மகராசன் ஒரு நாளாவது வெள்ளவத்தையில், பௌர்ணமிப் போயா விடுமுறைப் பின்னேரம், மின்விசிறிக் காற்று எட்டாத மேடை நாற்காலியில் இதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கழுத்தைப் பிராண்டுகிறது. கழற்றி மடியில் வைக்கலாம் என்றால், போர்த்திவிட்ட புரவலர் முன்வரிசையிலேயே இருந்து பார்க்கிறார், வைத்தால் அவமரியாதை. சரி, இருக்கட்டும். சிரிக்க வேண்டும். மேடையில் இருக்கிற நேரம் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும், யாராவது படம் எடுப்பார்கள், நாளைக்கு முகநூலில் போடுவார்கள், அதில் நான் மட்டும் பல்வலிக்காரி போல இருப்பேன், போன தடவை அப்படித்தான் இருந்தேன். வடக்கின் குரல் வாசித்துக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் பின்னால் கட்டியிருக்கிற பதாகை சொல்கிறது: ஐந்து குரல்கள், ஒரே மேடை. வடக்கு, கிழக்கு, தென்னிலங்கை, மலையகம், கொழும்பு. ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு திசை, நடுவில் தலைமைக் கவிஞர் பரமசோதி ஐயா. நான் மலையகம். பொகவந்தலாவை தவமணி. நாலாவதாகக் கூப்பிடுவார்கள். பொகவந்தலாவையை விட்டு வந்து எவ்வளவு காலம், என் தலைமுடியில் பாதி இந்தக் கொழும்புத் தண்ணீரில்தான் கொட்டியது, கொட்டாஞ்சேனையில் கலியாணம் கட்டி, கொட்டாஞ்சேனையில் பிள்ளை பெற்று, கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரனோடு சண்டை பிடித்து, இன்றைக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்துதான் த்ரீவீலர் பிடித்து வந்தேன். ஆனால் நான் மலையகம். கைப்பையில் ஒரு கவிதை இருக்கிறது, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டைப் பற்றி, போன மாதம் எழுதியது, இன்னும் யாருக்கும் காட்டாதது. இன்னொன்றும் இருக்கிறது, தேயிலைக் கவிதை, எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் கேட்பது. எதை எடுக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, எரிச்சலே அதுதான்.

தெரியவில்லை என்பதும் சும்மா பேச்சு. வீட்டுக் கவிதையைத்தான் வாசிப்பேன் என்று சொல்லித்தான் சந்தனராஜைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். என் புருசன். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், நீலச் சட்டை. அவரிடம் அப்படிச் சொன்னேன், பரமசோதி ஐயாவிடமோ ‘ம்’ என்று சொன்னேன். பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போனில் கூப்பிட்டார் ஐயா. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு மேலால், “பிள்ளை தவமணி, நீர் தேயிலைதானே வாசிக்கப் போறீர்?” “இல்லங்கய்யா, இந்த முறை வேற ஒண்ணு” என்று நான் தொடங்குவதற்குள், “நல்லது, நல்லது. நான் உமக்கு அழைப்புப் பாட்டும் எழுதிப்போட்டன், நீர் வாசிச்சு முடிய நான் சொல்லுற பாராட்டுப் பாட்டும் எழுதிப்போட்டன். என்ன, சந்தோசம்தானே?” என்றார். அதற்குத்தான் ‘ம்’. கவியரங்கத்தில் தலைவர் எங்களை ஒவ்வொருவராகப் பாட்டால் கூப்பிடுவார், வாசித்து முடிந்ததும் பாட்டாலேயே பாராட்டுவார், கேட்ட மாத்திரத்தில் ஊறி வந்ததுபோலக் கண்ணை மூடி நெற்றியைத் தடவிச் சொல்வார், சபை வாயைப் பிளக்கும். வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வருவது எங்களுக்கெல்லாம் தெரியும், சபைக்கும் பாதிப் பேருக்குத் தெரியும், தெரிந்தும் வாயைப் பிளப்பார்கள், அது மரியாதை. அப்படியென்றால் நான் என்ன வாசித்தேன் என்பதற்குப் பாராட்டு ஏற்கெனவே தயார். நான் இனிமேல்தான் வாசிக்க வேண்டும். இதைவிட நான் வீட்டில் இருந்துகொண்டு, அவர் எனக்கும் சேர்த்து எழுதி வாசித்திருக்கலாம், எனக்கு த்ரீவீலர் காசாவது மிச்சம். ‘ம்’ என்று ஏன் சொன்னேன். கடுகு கருகிவிடும் என்று சொன்னேன். மனுசி வாழ்க்கையில் பாதி ‘ம்’ அடுப்பில் ஏதோ கருகப் போகிறது என்று சொல்வதுதான்.

வடக்கின் குரல் முடிந்தது. கை தட்டினேன். நல்ல கவிதைதான், பாதி கேட்கவில்லை, என் மனசு எங்கே கேட்கவிட்டது. ஐயா எழுந்து நெற்றியைத் தடவுகிறார். வரும், இதோ வரும், வந்துவிட்டது, பனைமரம், யாழ், பாணர். அடுத்து கிழக்கு, மீன் பாடும் தேன்நாடு என்று கூப்பிடுவார் பாருங்கள். கூப்பிட்டுவிட்டார். கிழக்கின் குரல் பாவம் ஒரு வங்கியில் கணினி பார்க்கிற பெடியன், வாவியில் மீன் பாடிக் கேட்டிருக்கிறானோ என்னவோ, சிரித்துக்கொண்டே எழுந்து போகிறான். எங்கள் எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் ஒரு ஊரைக் கட்டி விட்டிருக்கிறார்கள். எனக்கு அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா. முதல் கவிதையைத் தபாலில் பேப்பருக்குப் போட்டபோது வெறும் தவமணி என்றுதான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, பொகவந்தலாவை தவமணி என்று. மட்டக்களப்பிலும் ஒரு தவமணி எழுதுகிறாராம், குழப்பம் வரக்கூடாது என்று பேப்பர்காரர் உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்து ஊரைச் சேர்த்திருக்கிறார். அன்றைக்கு அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு எவ்வளவு துள்ளினேன், ஊர்ப் பெயரோடு வந்தால்தானே பெரிய கவிஞர், எல்லாப் பெரியவர்களுக்கும் அப்படித்தானே இருந்தது. பிறகு அந்த மட்டக்களப்புத் தவமணி எழுதுவதையே விட்டுவிட்டார், கலியாணம் கட்டி எங்கோ போய்விட்டாராம், குழப்பம் தீர்ந்தது, ஊர் மட்டும் போகவில்லை. விலாசம் மாறியும் போகவில்லை. சரி, மலைக்குப் போனாலாவது என்னை மலை என்கிறார்களா. போன வருசம் ஹட்டனில் ஒரு கூட்டம், அறிவிப்பாளர் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, “தலைநகரிலிருந்து நம்மை நாடி வந்திருக்கும் கொழும்புக் கவிஞர்” என்றான். என் தங்கச்சியும் கூட்டத்தில் இருந்தாள், திரும்பி வரும்போது, “அக்கா, ஒனக்கு இந்தக் குளிரு தாங்குதா? சுவெட்டர் போட்டுக்க, கொழும்பாளுக்கு ஒத்துக்காது” என்று சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்குச் சுவெட்டரே தேவைப்படவில்லை. அங்கே கொழும்பு, இங்கே பொகவந்தலாவை, நடுவில் பஸ் நிற்கிற கடையில் தேநீர் குடிக்கிறபோது மட்டும் வெறும் தவமணி.

தண்ணீர் குடிக்கலாம் போலிருக்கிறது. முன்னால் போத்தல் வைத்திருக்கிறார்கள், திறக்காத போத்தல், மூடியைத் திருகினால் படக்கென்று சத்தம் வரும், மேசையில் ஒரு மைக் இருக்கிறது, கிழக்கின் குரல் தாயைப் பற்றி உருகிக்கொண்டிருக்கும்போது நான் படக்கென்று போத்தலைத் திறந்தால் நன்றாகவா இருக்கும். தாய். என் தேயிலைக் கவிதையிலும் தாய்தான். ‘கவ்வாத்து வெட்டிய அம்மாவின் கை’ என்று தொடங்கும். அந்த வரிக்குத்தான் எப்போதும் சபையில் ஒரு ‘ச்சு’ கேட்கும். பேராசிரியர் ஒருவர் ஒரு முழுப் பந்தியே எழுதினார், உழைக்கும் மகளிரின் கை என்று. ஐயா சாமிமாரே, கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைக் கீழே ஒட்ட வெட்டிவிடுவது, பெரிய கத்தியால் ஆம்பளை ஆட்கள் செய்கிற வேலை, பொம்பளைகள் கொழுந்து பறிப்பார்கள். தோட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்குப் பத்தொன்பது வயசு, ‘கவ்வாத்து’ என்ற சத்தம் பிடித்திருந்தது, எழுதினேன். நாங்கள் தோட்டத்து ஆட்களே இல்லை, பொகவந்தலாவை டவுனில் அப்பாவுக்கு ரேடியோ திருத்துகிற கடை, அம்மா பின்னால் அறையில் தையல் மெஷின் வைத்துச் சட்டை தைப்பாள். பஸ் ஜன்னலால் பார்த்த தேயிலைதான் என் தேயிலை. அம்மாவுக்கு அந்தக் கவிதையை வாசித்துக் காட்டினேன், மெஷினை நிறுத்திவிட்டு, “யாருடி அது, கவ்வாத்து வெட்டுற அம்மா?” என்றாள். அம்மா ஒருத்திதான் கேட்டாள். அதற்குப் பிறகு இந்தக் கொழும்பு மண்டபங்களில் எத்தனை தடவை வாசித்திருப்பேன், படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், மலையகத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்று மேடையில் சொல்கிறவர்கள், ஒருவராவது ‘என்ன பிள்ளை, பொம்பளை எப்போது கவ்வாத்து வெட்டினாள்’ என்று கேட்டிருப்பாரா. கேட்கமாட்டார்கள். அவர்கள் கவிதையைக் கேட்கவில்லை, மலையைப் பார்க்கிறார்கள். ரேடியோ கடையைப் பற்றியும் எழுதினேன், ஈயம் உருகுகிற வாசனை, திறந்து கிடக்கிற ரேடியோவுக்குள் திடீரென்று ஒருவர் செய்தி வாசிப்பது, நல்ல கவிதை அது, ‘இதில் மலையக மணம் குறைவு’ என்று திருப்பி அனுப்பினார்கள். மணம் குறைவாம். மசாலாத்தூளா விற்கிறேன்.

சந்தனராஜ் கொட்டாவி விடுகிறார். பார், கையைக் கூட வைத்து மறைக்கவில்லை. விடட்டும், மனுசன் வந்ததே பெரிசு. சவர்க்காரக் கம்பனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி, வாரம் முழுக்க நீர்கொழும்பு, குருநாகல் என்று கடை கடையாக ஏறிக் கதைத்துவிட்டு வருகிறவர், லீவு நாளில் கதைக்கிறவர்களைக் கேட்கப் பிடிக்காது. கலியாணமான புதிதில் ஒரே ஒரு தடவை வந்தார். நான் தேயிலையை வாசித்தேன். பஸ்ஸில் திரும்பி வந்தோம். மருதானை தாண்டியதும், “நல்லாத்தான் வாசிச்ச மணி. ஆனா அது யாரு? எனக்கு அந்தப் பொண்ணத் தெரியாது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் பிறந்ததே கொட்டாஞ்சேனை, நுவரெலியாவை வசந்த காலத்துச் சுற்றுலாவில் மட்டும் பார்த்தவர், உமக்கு என்ன தெரியும் என்று பிறகு வீட்டில் கத்தினேன். கத்தினேனே தவிர, அவர் சொன்னது சரி. எனக்கும் அந்தப் பொண்ணைத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை, நானும் கூப்பிடவில்லை, கவிதை என்பது நான் லீவு நாளில் சேலை கட்டிக்கொண்டு போகிற ஏதோ ஒரு இடம் என்று ஆகிவிட்டது, கிடைக்கிற பொன்னாடையை அவர் டிவிக்குத் தூசி படாமல் போர்த்துவார். போன கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம், இந்த முறை நம்ம வீட்டப் பத்தி வாசிக்கப் போறேன், வாறீங்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு பார்த்தார். “நம்ம வீட்டப் பத்தியா? நம்ம வீட்டுல என்னா இருக்கு எழுத?” என்றார். ஆனால் இன்றைக்குக் காலையில் நீலச் சட்டைக்கு அவரே இஸ்திரிப் பெட்டி போட்டார். இன்றைக்கு நான் தேயிலையை எடுத்தால் இந்த மனுசன் த்ரீவீலரில் வெளியே பார்த்துக்கொண்டு வருவார், இனி இந்த ஜென்மத்தில் என் கவிதைப் பக்கம் தலை வைக்கமாட்டார். எனக்கு அது தாங்காது. பேராசிரியர் எழுதாவிட்டால் போகிறார், இவர் தெரியாது என்று சொன்னால் தாங்காது.

ரயில் வருகிறது. இந்த மண்டபத்தில் இது ஒன்று, பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கடல், ரயில் வந்தால் வாசிக்கிறவர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், கிழக்கின் குரல் தாயின் கண்ணீரை ஏந்திய கையோடு அப்படியே நிற்கிறான். அந்த இரைச்சலில்தான் இந்தப் பக்கத்து நாற்காலி என் பக்கம் சரிந்தது. குகநேசன். கொழும்பின் குரல். அதை நினைத்தாலே எனக்கு நாக்கில் நல்ல வார்த்தை வராது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்காய்வாளர், நான் இங்கே வந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு வந்தவர், இங்கே ஒரு மாடி வீடு வாங்கியிருக்கிறார், ஆகவே அவர் கொழும்பு. நான் வாடகை வீடு, ஆகவே மலை. வேறு என்ன கணக்கு இருக்க முடியும். ஆனால் தனியாகப் பார்த்தால் தங்கமான பிள்ளை, அதனால் கோபத்தையும் முழுசாகப் பட முடியவில்லை. “அக்கா,” என்று காதுக்குள் சொன்னார், “எனக்குக் கொழும்பைப் பற்றி ஒண்டும் வரேல்லை அக்கா. மூண்டு நாள் இருந்து பாத்தன். கடைசியில எங்கட வீட்டுக் கிணத்தடியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். சனம் சிரிக்குமோ?” நெற்றியெல்லாம் வேர்வை. கொழும்பின் குரல் யாழ்ப்பாணத்துக் கிணற்றடி. மலையகத்தின் குரல் கொட்டாஞ்சேனை மாடி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அப்ப மாறிக்குவமா தம்பி? நான் கொழும்பாப் போறேன், நீங்க வடக்குக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கங்க” என்றேன். உண்மையாகவே பயந்துவிட்டார். “ஐயோ அக்கா, ஐயா பாட்டெல்லாம் எழுதி வைச்சிட்டார்” என்றார். ரயில் போய்விட்டது, நாற்காலி நேரானது. ஐயா பாட்டெல்லாம் எழுதி வைத்துவிட்டார். அதுதான் விசயம். பாட்டு எழுதி வைத்தாகிவிட்டது, இனி ஆட்கள் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

தென்னிலங்கை எழுந்து போகிறது. அடுத்தது நான். பையைத் திறந்தேன், இரண்டு தாளும் ஒரே மாதிரி மடித்து வைத்திருக்கிறேன், புத்திசாலி. வீட்டுக் கவிதையை எடுத்து மடியில் வைத்தேன். வாசித்துப் பார்க்கலாம் என்று விரித்தேன், ஐயோ இது என்ன கவிதை, இதில் என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளை வீட்டுக்கு வந்த மாமாவுக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. காலையில் நன்றாக இருந்ததே. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ. தேயிலை இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லையோ. பொகவந்தலாவையைக் கழற்றிவிட்டால் வெறும் தவமணி, கொட்டாஞ்சேனையில் எத்தனை தவமணி, தையற்கடைத் தவமணி, தபால்கந்தோர்த் தவமணி, யார் இவளைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைப்பது. இந்த நாற்காலியே மலைக்குப் போட்ட நாற்காலிதானே, எனக்குப் போட்டதில்லையே. தேயிலையை வாசித்தால் ‘ச்சு’ வரும், கைதட்டு வரும், ஐயாவின் பாட்டு ஒட்டும், எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள், சந்தனராஜைத் தவிர. வீட்டுக் கவிதையை வாசித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, ஐயாவின் பாட்டு ஒட்டாமல் நிற்கும், மூத்த மனுசனை மேடையில் வைத்து அவமானப்படுத்தினாள் என்பார்கள், அடுத்த முறை மலைக்கு வேறு ஆளைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டுமே. இல்லை, பிடித்தால் எனக்கு வலிக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு இந்த மேடை வேண்டும், இந்தச் சனியன் பிடித்த பொன்னாடையும் வேண்டும், லீவு நாளில் சேலை கட்டிக்கொண்டு வந்து கவிஞர் என்று நாலு பேர் கூப்பிடுவது எனக்கு வேண்டும். அதை ஏன் ஊரை அடமானம் வைத்துத்தான் வாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தேயிலைத் தாளையும் எடுத்து மடியில் வைத்தேன். இரண்டும் மடியில். சந்தனராஜ் என் மடியையே பார்க்கிறார், இல்லை, அங்கிருந்து தெரியாது, முகத்தைத்தான் பார்க்கிறார். கொட்டாவியைக் காணோம். முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், கடைக்காரனிடம் புதுச் சவர்க்காரம் காட்டப் போகிறபோது உட்காருவது போல.

ஐயா எழுந்துவிட்டார். நெற்றி. கண். ‘பனிபடர்ந்த மலைமகளே, பசுந்தேயிலைத் தளிரே, கனிந்தகவி தந்திடவே கால்நடந்து வருகவே.’ கால்நடந்தா. சந்தனராஜ் பேரம் பேசின த்ரீவீலர்க் கூலி இன்னும் என் காதில் நிற்கிறது, கால்நடந்தாம். எழுந்தேன். தலைவருக்குப் பதில் பாட்டு ஒன்று சொல்வது வழக்கம், என்னிடம் இல்லை, “எல்லாருக்கும் வணக்கம்” என்றேன், ஐயா இன்னும் ஏதோ வரும் என்று தலையைச் சரித்துக் காத்திருந்தார், வரவில்லை. மைக் உயரம், எட்டி வளைத்தேன், கீயென்று கத்தியது. கையில் எந்தத் தாள் இருக்கிறது என்று பார்த்தேன். வீடு. மற்றது நாற்காலியிலேயே கிடக்கிறது, எழும்போது நழுவியிருக்க வேண்டும், இல்லை, நழுவவில்லை, நான்தான் வைத்துவிட்டு எழுந்தேன், கைக்குத் தெரிந்திருக்கிறது எனக்குத்தான் தெரியவில்லை. வாசித்தேன்.

‘எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும்
படிக்கட்டில் ஒருமுறை தடுக்குவார்கள்.
ஆறாவது படி உடைந்திருக்கிறது.
முன்பெல்லாம் சொல்லி எச்சரிப்போம்,
பிறகு விட்டுவிட்டோம்.
தடுக்கும் சத்தம் கேட்டால்
விருந்தாளி என்று தண்ணீர் கொதிக்க வைப்பேன்.

அவர் தடுக்கமாட்டார்.
கரண்ட் போன இருட்டிலும்
இரண்டு கையிலும் சாமான் பையோடும்
அந்த இடத்தில் கால் கொஞ்சம் கூடுதலாக எட்டும்.

என் கால் எப்போது பழகியதென்று தெரியாது.
ஒருநாள் அரிசி மாவோடு ஏறி வந்து
கதவைத் திறந்த பிறகு நினைத்தேன்,
நான் தடுக்கவில்லையே என்று.’

முடிந்துவிட்டது. முடிந்தது என்று சபைக்குத் தெரியவில்லை. இன்னும் மழை வரும், அட்டை கடிக்கும், யாராவது சாவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ இருமினார். தாளை மடிக்கிறேன், மடித்ததையே மடிக்கிறேன். ஐயா மைக்கை வாங்கிக்கொண்டார். பாவம், ஒரு நொடி தடுமாறினார், அதை நான் பார்த்தேன், நெற்றியைத் தடவியது உண்மையான தடவலாகக்கூட இருக்கலாம். ஆனால் கையில் இருக்கிற பாட்டை விட்டுவிட்டு அந்த மனுசன் எங்கே போவார். ‘கூடையிலே கண்ணீரைக் கொய்துவந்து கொட்டினாய், வாடிநிற்கும் அன்னையரின் வாசலினைத் தட்டினாய்!’ கைதட்டல். அப்படி ஒரு கைதட்டல். எனக்கு இல்லாத கைதட்டல் முழுக்க அந்தக் கூடைக்கு. முன்வரிசைப் புரவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். எனக்குக் காது சூடாகிறது, அழுதால் அதையும் மலைக்குச் சேர்த்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்புகிறேன்.

“ஐயா, ஒரு நிமிசம்.” எனக்குத் தெரிந்த குரல். கடைக்காரர்களோடு கதைத்துக் கதைத்துத் தடித்த குரல், மைக் தேவையில்லாத குரல். சந்தனராஜ் எழுந்து நிற்கிறார். கடவுளே, உட்காருங்கள். “அவ எங்க ஐயா கண்ணீரச் சொன்னா? கூடையும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுப் படியத்தானே சொன்னா.” சபை திரும்பிப் பார்க்கிறது. அதோடு விட்டாரா மனுசன். “அதுவும் பிழையாச் சொல்லிட்டா. ஒடஞ்சது ஆறாவது இல்ல. ஏழாவது.” எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, இரண்டே எட்டில் மைக்குக்குத் திரும்பிவிட்டேன். “ஆறாவதுதாங்க!” என் குரல் மண்டபம் முழுக்க அடிக்கிறது. “கீழ செருப்புக் கழட்டுற கல்லயும் சேத்து எண்ணினா ஏழு. கல்லு ஒரு படியா?” “கல்லுல கால் வச்சுத்தானே ஏறுற? அப்ப படிதான்.” “நீங்க குருநாகல் கருநாகல்னு போயிட்டா தெனமும் அதுல ஏறி எறங்குறது யாரு?” “ஏறுறவளுக்கு எண்ணத் தெரிய வேணாமா?” சபை சிரிக்கிறது, நன்றாகச் சிரிக்கிறது, குகநேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கு வருகிற கடுப்புக்கு இறங்கிப் போய் அந்த நீலச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது, அதே நேரம் இத்தனை காலத்தில் என் கவிதையை இப்படி ஒருத்தர் கேட்டதே இல்லை என்ற சந்தோசத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலவும் இருக்கிறது. பரமசோதி ஐயா மட்டும் ஒன்றும் விளங்காமல் நிற்கிறார். கேலி இல்லை அவர் முகத்தில், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் குனிந்து கேட்கிறார், “பிள்ளை, இது எந்தத் தோட்டத்தில?”

“கொட்டாஞ்சேனை, ஐயா,” என்கிறேன். “நாங்க கொட்டாஞ்சேனை ஆக்கள்.” மூன்றாவது வரிசையில் சந்தனராஜ் இன்னும் உட்காரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, எங்கள் வீட்டுப் படியில் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.